பின்கொட்டகைச் சாவி

பின்கொட்டகையைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அண்ணிக்கு ஒழுங்கான தூக்கமில்லை.

கம்பெனியில் எல்லோருக்குமே அவள் அண்ணிதான். முதலில் அப்படிக் கூப்பிட்டது கொழுந்தன். அதைக் கேட்டு வெல்டிங் போடுகிறவர்கள் கூப்பிட்டார்கள். கடைசியில் அவளைவிட வயதில் மூத்த காவல்காரர்கூட, "கேட்டைச் சாத்திடவா அண்ணி?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். அவள் கணவர் பெரியவர், அவருடைய தம்பி சின்னவர். இரண்டு பேரும் சேர்ந்து நடத்தும் கம்பெனி. குழந்தைகள் ஓட்டும் சைக்கிளுக்கு ஃபிரேம் செய்து கடல் கடந்து அனுப்புகிறார்கள். குழாய் வெட்டுவதிலிருந்து பெயின்ட் காய்வது வரைக்கும் அண்ணியின் பொறுப்பு. வெளியே பேசுவது, சரக்கு வரவழைப்பது, அனுப்புவது எல்லாம் சின்னவர்.

போன வருஷம் ஒரு நாள், சைக்கிள் வாங்குகிற நாடு, அதுவரை தனக்கு மலிவாக விற்றுக்கொண்டிருந்த பெரிய நாட்டின் சரக்குக்குக் கடுமையான வரியைப் போட்டது. அங்கே வாங்கிக்கொண்டிருந்த வியாபாரிகள் அடித்துப் பிடித்துக்கொண்டு வேறு நாடுகளைத் தேடி ஓடினார்கள். அப்படி ஓடிவந்தவர்களில் ஒருவர் இவர்கள் கேட்டுக்குள்ளும் நுழைந்தார். கேட்ட அளவு மலை மாதிரி இருந்தது. இவர்களிடம் இருந்த கைகளோ கொஞ்சம். சின்னவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார்.

"அக்கம்பக்கத்துப் பட்டறையில குடுத்து வெல்டிங் முடிச்சு வாங்கறேன் அண்ணி. நீங்க பெயின்ட் அடிச்சுக் குடுத்தா போதும்" என்றார்.

அண்ணி நம்பினாள். வந்த ஃபிரேம்களுக்கெல்லாம் பெயின்ட் அடித்துக் கொடுத்தாள். சென்ற வாரம் மழையில் கூரை ஒழுகுகிறது என்று காவல்காரர் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தபோதுதான் பின்கொட்டகைக்குள் முதல்முறையாக நுழைந்தாள். கூரை வரை அடுக்கியிருந்த பெட்டிகள் எல்லாவற்றிலும் அந்தப் பெரிய நாட்டின் எழுத்து. பெட்டிக்குள் வெல்டிங் முடிந்த ஃபிரேம்கள்.

அக்கம்பக்கத்துப் பட்டறை என்று ஒன்று இருந்ததே இல்லை.

சாவியை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. யாரிடமும் எதுவும் சொல்லவுமில்லை. இன்றைக்கு அதிகாரிகள் சோதனைக்கு வருகிறார்கள்.

*

காலையில் பால் அடுப்பில் இருக்கும்போதே டீச்சர் வந்துவிட்டாள்.

டீச்சர் என்றால் சின்னவரின் மனைவி. கல்யாணத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தவள். அந்தப் பெயர் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. வாங்குகிறவர்களின் மொழி அவளுக்கு நன்றாக வரும் என்பதால் ஏற்றுமதி வேலை முழுவதும் அவள் தலையில். 'இந்தச் சரக்கு இந்த நாட்டிலேயே செய்யப்பட்டது' என்று ஒவ்வொரு முறையும் சான்றிதழில் கையெழுத்துப் போடுவது அவள்தான்.

"அக்கா, நீங்க அதிகாரி. நான் நான். கேள்வி கேளுங்க. அதிகாரிங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை ஒத்திகை பார்த்துக்கறேன்."

"எனக்கு என்ன கேக்கணும்னு தெரியாதும்மா."

"வாய்க்கு வந்ததைக் கேளுங்க."

அண்ணி பாலைக் கரண்டியால் ஒரு கலக்குக் கலக்கினாள். "ஃபிரேமை எங்க செய்யறீங்க?"

"பாதி எங்க கம்பெனியில. மீதி அக்கம்பக்கத்துப் பட்டறையில. எல்லாம் இந்த நாட்டுக்குள்ளதான் மேடம்."

"நீங்க நேர்ல பார்த்தீங்களா?"

டீச்சர் சிரித்துவிட்டாள். "இப்படிக் குறுக்குக் கேள்வியெல்லாம் கேப்பாங்களா? சரி, இருங்க. நான் பார்க்கலை மேடம். ஆனா எங்க அக்கா பார்க்கறாங்க. கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பார்ப்பாங்க. அவங்களைத் தாண்டி ஒரு ஆணி உள்ள வர முடியாது."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அண்ணி துணியை எடுத்துத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தபோது பெரியவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே உள்ளே வந்தார். டீச்சர் எழுந்துகொண்டாள். "மாமா, நான் முன்னாடி போறேன். அவர் விடியறதுக்குள்ள கம்பெனிக்குப் போயிட்டார். ஒரு வாய் தண்ணி கூடக் குடிக்கலை."

அவள் போகும் வரை அண்ணி காத்திருந்தாள்.

"பின்கொட்டகையில என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

பெரியவர் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "இன்னிக்கு வேண்டாமே."

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"முதல் பெட்டி வந்ததிலேருந்து."

அண்ணிக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. நாற்காலி பக்கத்திலேயே இருந்தும் உட்காரத் தோன்றவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொன்னா நீ சும்மா இருக்க மாட்டே. நீ சும்மா இல்லைன்னா நானும் சும்மா இருக்க முடியாது." அவர் ஒரு செருப்பு மாட்டிய காலோடு அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டார். "எனக்குச் சும்மா இருந்தா போதும்னு இருந்துச்சு. நான் நெஞ்சு ஆபரேஷன் பண்ணிக்கிட்டுக் கிடந்தப்ப இந்தக் கம்பெனியை ஒத்தை ஆளாத் தூக்கி நிறுத்தினவன் அவன். அவனைக் கூப்பிட்டு நிக்கவெச்சுக் கேள்வி கேக்க எனக்கு நாக்கு எழலை."

"கையெழுத்துப் போடறது அந்தப் பொண்ணு. அது தெரியுமில்ல உங்களுக்கு?"

அவர் இன்னொரு செருப்பைத் தேடினார். அது கண் முன்னாலேயே இருந்தது.

*

கம்பெனி அன்றைக்குக் கல்யாண வீடு மாதிரி நிறைந்திருந்தது. வழக்கமாகக் காலியாகக் கிடக்கும், வெல்டிங் போடுகிற தடுப்பறைகளில்கூட ஆட்கள் நின்றார்கள். அண்ணிக்கு அதில் பாதி முகம் தெரியவில்லை. ஒருவர் அவளிடமே வந்து, "ஏம்மா, இங்க பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

மேஸ்திரி காதருகே வந்து முணுமுணுத்தார். "சின்னவர் கூட்டிட்டு வந்திருக்கார் அண்ணி. இன்னிக்கு ஒரு நாளைக்குன்னு. ரெண்டு பேருக்கு முகமூடியை எப்படிப் போடறதுன்னே தெரியலை."

சின்னவர் பின்பக்கம் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் போனை இறக்கினார்.

"லாரி துறைமுகத்து வாசல்ல மாட்டிக்கிச்சு அண்ணி. வரிசை நகரவே இல்லையாம். உலகத்துல இருக்கிற வியாபாரியெல்லாம் ஒரே நேரத்துல இங்க வந்து குவிஞ்சா துறைமுகம் தாங்குமா? கொட்டகையை நேத்தே காலி பண்ணியிருக்கணும். சாவி உங்ககிட்டதான் இருக்குன்னு வாட்ச்மேன் சொன்னார்."

"ஆமா."

"அப்ப பார்த்திருப்பீங்க."

"பார்த்தேன்."

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்திப் பேசினார். "யாராவது கேட்டா பழைய இரும்புன்னு சொல்லிக்கறேன். சாவி தொலைஞ்சுபோச்சுன்னு மட்டும் நீங்க சொல்லிடுங்க. இன்னிக்கு ஒரு நாள். அப்புறம் இந்த வேலையே வேண்டாம். சத்தியமா."

"ஏன் தம்பி இப்படிப் பண்ணே?"

"ஏன்னா?" அவர் குரல் உடைந்து மேலே போனது. "நான் என்ன வீடு வாசல் வாங்கிப் போட்டேனா? முடியாதுன்னு சொன்னா அந்த ஆள் அடுத்த நாட்டுக்கு விமானம் ஏறிடுவான். ஒரு தடவை ஆர்டர் கைவிட்டுப் போய், ஆளுங்களைப் பாதிக்குப் பாதி வீட்டுக்கு அனுப்பினோமே, மறந்துபோச்சா? ஒவ்வொருத்தரையா கூப்பிட்டுச் சொன்னது யாரு? நீங்கதானே? வீட்டுக்கு வந்து சுவத்தைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருந்தீங்களே, அதை நான் பார்த்தேன் அண்ணி. திரும்ப அது நடக்கக்கூடாதுன்னுதான். நாமளா வரி போட்டோம்? எவனோ எங்கேயோ உக்காந்து ஒரு கையெழுத்துப் போடறான், நாம இங்க கிடந்து அல்லாடறோம்."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் அண்ணியை மிகவும் களைப்படைய வைத்தது.

"டீச்சருக்குத் தெரியுமா?"

"அவளுக்கு எதுக்கு? தெரியாம இருக்கிற வரைக்கும் அவளுக்கு நல்லது."

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

*

இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் வணிகத் துறை அதிகாரி. நடுத்தர வயது அம்மா. மாடிப்படியைப் பார்த்ததுமே முழங்காலைப் பிடித்துக்கொண்டார். இன்னொருவர் வாங்குகிற நாட்டிலிருந்து வந்த அதிகாரி, உயரமான மனிதர், அதிகம் பேசாதவர்.

"இந்த வாரம் பார்க்கற எத்தனாவது கம்பெனின்னு எனக்கே மறந்துபோச்சு" என்றார் அதிகாரி அம்மா. "முதல்ல உக்கார ஒரு நாற்காலி குடுங்க. நேரா விஷயத்துக்கு வரேன். இவங்க நாட்டுல என்ன சொல்றாங்கன்னா, 'முன்வாசலை அடைச்சோம், அதே சரக்கு உங்க நாட்டு வழியா புறவாசல்ல வருது'ங்கறாங்க. அப்படியெல்லாம் இல்லைன்னு நாங்க எழுதிக் குடுத்திருக்கோம். அதைச் சரிபார்க்கத்தான் இவரும் வந்திருக்கார். ஒரே ஒரு இடத்துல மாட்டினாலும் போச்சு. இங்கேருந்து போற அத்தனை சைக்கிளுக்கும் அதே வரியைப் போட்டுடுவாங்க. எதிர்த்தாப்பல இருக்கிற கம்பெனிக்கும் சேர்த்து."

பெரியவர் தலையசைத்தார். கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

டீச்சர் நன்றாகவே பதில் சொன்னாள். கேட்டதற்கு மட்டும், தெளிவாக, இரண்டு மொழியிலும். வெளிநாட்டு அதிகாரி முதல்முறையாகப் புன்னகைத்தார். சின்னவரின் தோள் கொஞ்சம் இறங்கியது.

பிறகு கீழே இறங்கி வேலை நடக்கும் இடத்துக்கு வந்தார்கள். வெல்டிங் தடுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்த அதிகாரி அம்மா, ஒரு தடுப்பின் முன்னால் மூச்சு வாங்குவதற்காக நின்றார். உள்ளே இருந்தவர் மரியாதையாக முகமூடியைத் தூக்கிவிட்டு எழுந்து நின்றார்.

"உக்காருங்க, உக்காருங்க. இங்க எவ்வளவு நாளா வேலை பார்க்கறீங்க?"

"காலையிலேருந்து மேடம்" என்றார் அவர், பெருமையாக.

பக்கத்துத் தடுப்பில் ஒருவருக்கு இருமல் வந்தது.

சின்னவர் அவசரமாகச் சிரித்தார். "காலை ஷிஃப்டைச் சொல்றார் மேடம். வெகுளி ஆளு."

வெளிநாட்டு அதிகாரி டீச்சர் பக்கம் திரும்பி, அந்த மனிதர் என்ன சொன்னார் என்று கேட்டார்.

டீச்சர் கணவரைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே ஏதோ கெஞ்சினார். அண்ணியைப் பார்த்தாள். அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிவைப் பார்த்த பிறகுதான் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று டீச்சருக்கு உறைத்தது.

"இன்று காலையிலிருந்து என்று சொல்கிறார்" என்று அவள் அவருடைய மொழியில் சொன்னாள். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

அதிகாரி அம்மா பின்பக்கத்து ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். "அது என்ன கொட்டகை?"

"பழைய இரும்பு மேடம்" என்றார் சின்னவர். "சாவி தொலைஞ்சு ரொம்ப நாளாச்சு."

"அக்கா, சாவி உங்ககிட்டதானே இருக்கு?" டீச்சரின் குரல் தனக்குத்தானே பேசிக்கொள்வது போல இருந்தது. "போன வாரம் கூரை ஒழுகுதுன்னு வாட்ச்மேன் கொண்டுவந்து குடுத்தாரே, நான் பார்த்தேனே."

எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள்.

"இருக்கு" என்றாள் அண்ணி. "டீச்சர்கிட்ட ஒரு நிமிஷம் பேசணும் மேடம். பேசிட்டு வந்துடறேன்."

அதிகாரி அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு நிமிஷம்னா ஒரு நிமிஷம்தான்."

*

பெயின்ட் அடிக்கும் அறையில் நீலப் பெயின்ட்டின் நெடி மூக்கில் ஏறியது. கதவைச் சாத்திவிட்டு அண்ணி கொட்டகைக்குள் பார்த்ததைச் சொல்லி முடித்தாள். சொல்வதற்கு அதிகம் இல்லை.

டீச்சர் சுவரில் கை ஊன்றி நின்றாள். "மாமாவுக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"காலையில நான் உங்க முன்னாடி ஒப்பிச்சுக்கிட்டு நின்னேனே, அப்ப உங்களுக்கு..."

"தெரியும்மா."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அண்ணிக்கு லேசாக இருந்திருக்கும்.

"இப்ப எதுக்குச் சொல்றீங்க?"

"கதவைத் திறந்தப்புறம் அவங்களோட சேர்ந்து நீ தெரிஞ்சுக்கக்கூடாது. கையெழுத்து உன்னோடது. திறக்கறதா வேண்டாமான்னு நீ சொல்லு. வேண்டாம்னா, என்கிட்ட இருக்கறது வேற பூட்டோட சாவி, தெரியாம சொல்லிட்டேன்னு சொல்லிடறேன். எனக்குப் பொய் சரியா வராது. ஆனா உனக்காகச் சொல்லுவேன்."

"இத்தனை பேர் வெளியில நிக்கறாங்க அக்கா."

"நிக்கறாங்க."

"திறந்தா எல்லாருக்கும் வேலை போயிடும்."

"போகலாம்."

"திறக்கலைன்னா? அடுத்த கப்பலுக்கு நான் மறுபடியும் கையெழுத்துப் போடணும். இந்தத் தடவை தெரிஞ்சே போடணும்." டீச்சர் அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். "நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"என்கிட்ட கேக்காதே. நான் ஒரு வாரமா சாவியை வெச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ணாம சுத்தினவ."

டீச்சர் கைக்குக் கிடைத்த துணியை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்தாள். அது பெயின்ட் துடைக்கிற துணி. கன்னத்தில் நீலமாக ஒரு கோடு விழுந்தது. அவள் கவனிக்கவில்லை. கையை நீட்டினாள்.

"குடுங்க."

*

"இந்தச் சான்றிதழ் எல்லாத்துலயும் கையெழுத்து என்னுது" என்று டீச்சர் கொட்டகை வாசலில் நின்று சொன்னாள். வெளிநாட்டு அதிகாரிக்கு அவருடைய மொழியில் மறுபடியும் சொன்னாள். "உள்ள என்ன இருக்குன்னு எனக்கு இப்பதான் சொன்னாங்க. நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை. உங்களோட சேர்ந்து பார்க்கறேன்."

மழையில் நனைந்த பூட்டு இறுகியிருந்தது. இரண்டு முறை திருப்ப வேண்டியிருந்தது.

வெளிநாட்டு அதிகாரி ஒரு பெட்டியிலிருந்து ஃபிரேமை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு எடுத்த இடத்திலேயே மெதுவாக வைத்தார். கோபப்படவில்லை. அவரும் இதைப் பல ஊர்களில் பார்த்திருப்பார் போலும்.

அதிகாரி அம்மா ஒரு பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "வரவழைச்சது யாரு?"

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் கேக்கறது காதுல விழுதா?"

"கம்பெனிக்குள்ள நடக்கிற வேலையெல்லாம் அண்ணி பொறுப்பு மேடம்" என்றார் சின்னவர். வார்த்தைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. "எது உள்ள வருது, எது வெளியே போகுதுன்னு அவங்களுக்குத்தான்... சாவியும் அவங்ககிட்டதான் இருந்துச்சு. எனக்கு..."

அதற்கு மேல் அவராலும் சொல்ல முடியவில்லை.

அண்ணிக்குக் கோபம் வரவில்லை. கல்லூரிக்குப் போகும் பையனாக இருந்தவருக்கு எத்தனை முறை சோறு எடுத்து வைத்துக் காத்திருந்திருப்பாள். அந்தப் பையன் பயத்தில் வாய்க்கு வந்ததை உளறுகிறான் என்றுதான் தோன்றியது. மறுத்துப் பேச வேண்டும் என்று தெரிந்தது. வாய் வரவில்லை.

"டேய்."

பெரியவரின் குரல். அந்த ஒரு சொல்லை அவர் தம்பியிடம் சொல்லிப் பல வருஷங்கள் ஆகியிருக்கும்.

"அவ மேல போடாதே." அவர் அதிகாரி அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றார். கண்ணாடி கையில் இருந்தது, மாட்டிக்கொள்ளவில்லை. "வரவழைச்சது என் தம்பி மேடம். முதல் நாளே எனக்குத் தெரியும். வேண்டாம்னு நான் ஒரு வார்த்தை சொல்லலை. சொல்லியிருந்தா கேட்டிருப்பான், கேக்கற பையன்தான். என் பொண்டாட்டிக்குப் போன வாரம் வரைக்கும் தெரியாது. இந்தப் பொண்ணுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. எங்க வேணும்னாலும் எழுதித் தரேன்."

சின்னவர் அண்ணனையே பார்த்தார். வாய் திறந்து மூடியது. பிறகு மெதுவாகத் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் எத்தனை நாள் தூக்கமில்லையோ.

அதிகாரி அம்மா அவசரப்படவில்லை. கொட்டகைக்கு முத்திரை வைக்கச் சொன்னார். மறு உத்தரவு வரும் வரை ஒரு ஃபிரேம்கூட இங்கிருந்து கப்பல் ஏறக்கூடாது என்றார். அண்ணனும் தம்பியும் இன்றைக்கே துறை அலுவலகத்துக்கு வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும்.

"கடல்ல போயிட்டிருக்கிற சரக்கு கரை இறங்கறதுக்கு முன்னாடி வாங்கறவங்களுக்கு நீங்களே சொல்லிடுங்க" என்றார் டீச்சரிடம். "நாங்க சொல்லி அவங்க தெரிஞ்சுக்கிட்டா அது வேற கதை."

"எல்லாருக்கும் வரி வந்துடுமா மேடம்?" என்று அண்ணி கேட்டாள். "எதிர்த்த கம்பெனிக்காரங்க ஒரு தப்பும் பண்ணலையே."

அதிகாரி அம்மா முழங்காலைத் தடவிக்கொண்டே எழுந்தார். "தெரியலைம்மா. ஒரு கம்பெனி தானாவே கதவைத் திறந்து காட்டிச்சுன்னு நான் எழுதுவேன். அதை யார் எப்படி எடுத்துப்பாங்கன்னு என்னால சொல்ல முடியாது." போகும்போது திரும்பி டீச்சரின் முகத்தைக் காட்டினார். "கன்னத்துல பெயின்ட் இருக்கு. தொடச்சுக்கோ."

காரில் ஏறுவதற்கு முன் சின்னவர் மனைவியின் பக்கத்தில் வந்து நின்றார். "உன்னை மாட்டிவிடணும்னு நான் நினைக்கவே இல்லை."

"தெரியும்" என்றாள் டீச்சர். "என்னை நினைக்கவே இல்லை. அதான் விஷயம்."

*

கூலிக்கு வந்தவர்கள் போய்விட்டார்கள். மற்றவர்களை அண்ணி தடுப்புகளுக்கு நடுவில் கூப்பிட்டு நிறுத்தி, நடந்ததை நடந்தபடி சொன்னாள். மேஸ்திரி மட்டும், "நாளைக்கு வரணுமா அண்ணி?" என்று கேட்டார்.

"வாங்க. வேலை இருக்குமான்னு தெரியாது. நான் இருப்பேன்."

அவர்களும் போன பிறகு பொழுது சாய்கிற வெயில் தரையில் நீளமாக விழுந்து கிடந்தது. கவிழ்த்துப் போட்ட இரண்டு பெட்டிகளில் அவளும் டீச்சரும் உட்கார்ந்தார்கள். டீச்சர் வாங்குகிறவருக்குப் போன் போட்டு, அண்ணிக்கும் கேட்கும்படி நடுவில் வைத்தாள்.

சொல்ல வேண்டியதைச் சொன்னாள். அவர் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் அவருடைய குரல் வெடித்தது. அண்ணிக்கு மொழி புரியவில்லை. ஆனால் அந்த ஏற்ற இறக்கம் புரிந்தது. திட்டுகிறவர் திட்டுகிற மாதிரிதான் இருந்தது. பிறகு அதுவும் தணிந்து, வெறும் அலுப்பாக மாறியது.

"என்னம்மா சொல்றார்?"

"அவங்க நாட்டுத் துறைமுகத்துலயே சரக்கைப் பிடிச்சு வெச்சுடுவாங்களாம். அவர் கடைகள்ல காலி அலமாரிதான் நிக்குமாம். இன்னிக்கே வேற நாட்டுக்குப் போக முடியும்ங்கறார்." டீச்சர் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். "ஆனா அங்கயும் இதேதானாம். மூணாவது நாடு, நாலாவது நாடுன்னு சுத்தறாராம். எங்க போனாலும் எல்லாரும் முடியும் முடியும்னு தலையை ஆட்டறாங்களாம். யாரால நிஜமா எவ்வளவு செய்ய முடியும்னு ஒருத்தரும் சொல்றதில்லையாம்."

போனில் ஏதோ கேள்வி வந்தது. டீச்சர் நிமிர்ந்தாள்.

"அக்கா, கேக்கறார். நம்ம ஆளுங்களை மட்டும் வெச்சு, நம்ம கையால, அவர் கேக்கற அளவுல எவ்வளவு முடியும்னு."

அண்ணி சுற்றிலும் பார்த்தாள். முகமூடிகள் ஆணியில் தொங்கின. ஒவ்வொன்றும் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். யாருக்குக் கை வேகம், யாருக்குப் பார்வை குறைந்து வருகிறது, யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பதும் தெரியும்.

"கால்வாசி" என்றாள்.

"கால்வாசியா? அக்கா, கொஞ்சம் கூட்டி..."

"கால்வாசின்னு சொல்லு. அதுவும் கரண்ட் ஒழுங்கா இருந்தா. துறை அனுமதி குடுத்தா."

டீச்சர் சொன்னாள். கரண்டையும் சொன்னாள், துறையையும் சொன்னாள்.

மறுமுனையில் ஒரு சத்தமும் இல்லை.

"வெச்சுட்டாரா?" என்று அண்ணி கேட்டாள்.

டீச்சர் திரையைப் பார்த்தாள். இல்லை, லைன் இருந்தது. இரண்டு பேரும் போனுக்கு அருகில் குனிந்தார்கள். தூரத்தில், எங்கோ ஒரு மேஜையில், கால்குலேட்டர் விசைகளைத் தட்டுகிற சின்னச் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடியும் கேட்டது.

டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அண்ணி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பேசாதே. அவர் முடிக்கட்டும்."